ஊசித்தட்டானும் பறக்கும் அணிலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்று ஆறு கால் பூச்சி, இன்னொன்று குட்டிக்குப் பால் கொடுக்கும் கொறித்துண்ணி. இரண்டையும் ஏன் சேர்த்துப் பேச வேண்டும் என்று தோன்றலாம். தரையை விட்டுக் கிளம்பிக் காற்றில் போக வேண்டும் என்ற ஒரே தேவைக்கு இவை இரண்டும் கண்ட வழிகள் அவ்வளவு வேறுபட்டவை. ஒன்றின் பக்கத்தில் மற்றொன்றை வைத்துப் பார்த்தால் இரண்டுமே நன்றாகப் புரியும். மாணவர்களும் இயற்கை ஆர்வலர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஊசித்தட்டானும் தட்டானும் ஒன்றுதானா?

ஒரே வரிசையைச் சேர்ந்த நெருங்கிய உறவுகள், ஆனால் ஒன்றல்ல. தட்டான் தடித்த உடம்புக்காரன். உட்காரும்போது நான்கு இறக்கைகளையும் பக்கவாட்டில் விரித்தே வைத்திருக்கும். ஊசித்தட்டானின் உடம்பு பெயருக்கேற்ப மெல்லியது. உட்கார்ந்ததும் பெரும்பாலும் இறக்கைகளை முதுகுக்கு மேலே ஒன்றுசேர்த்து மடக்கிக்கொள்ளும். சில குடும்பங்கள் மட்டும் பாதி விரித்து வைக்கும் என்பதால், இறக்கையை மட்டும் நம்ப முடியாது. கண்களைப் பாருங்கள். ஊசித்தட்டானின் இரு கண்களும் தலையின் இரு ஓரங்களில் நன்றாகத் தள்ளி இருக்கும். பெரும்பாலான தட்டான்களுக்கு அவை நடுவில் ஒட்டியோ நெருங்கியோ இருக்கும். முன்னிறக்கையும் பின்னிறக்கையும் கிட்டத்தட்ட ஒரே வடிவத்தில் இருந்தால் அதுவும் ஊசித்தட்டானுக்கான அடையாளம்தான். உலகெங்கும் 3,000-க்கும் மேற்பட்ட ஊசித்தட்டான் இனங்கள் அறியப்பட்டிருக்கின்றன.

சறுக்கிப் பறக்கும் கொறித்துண்ணி என்றால் பறக்கும் அணில் மட்டும்தானா?

இல்லை, இரண்டு தனித்தனி வம்சங்கள் இருக்கின்றன. ஆசியா, ஐரோப்பா, வட அமெரிக்கா ஆகிய கண்டங்களில் வாழும் பறக்கும் அணில்கள் உண்மையான அணில் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றில் ஏறத்தாழ 50 இனங்கள் உண்டு. ஆப்பிரிக்காவின் மழைக்காடுகளில் அனோமலூர் என்ற இன்னொரு கூட்டம் வாழ்கிறது. பார்வைக்கு அணில்தான், ஆனால் அணிலுக்குச் சொந்தமில்லை. அதன் வாலின் அடிப்பக்கத்தில், உடம்போடு சேரும் இடத்துக்கு அருகே, கூரான செதில்கள் வரிசையாக இருக்கும். மரத்தில் ஒட்டி நிற்கும்போது வழுக்காமல் இருக்க அவை உதவுகின்றன. அனோமலூரின் நெருங்கிய உறவு யார் தெரியுமா? ஆப்பிரிக்கப் புல்வெளியில் தாவித் திரியும் ஸ்பிரிங்ஹேர். அதற்கும் மரத்துக்கும் சம்பந்தமே இல்லை.

தென்கிழக்காசிய மரவிலங்கான கொலுகோவும் சுகர் கிளைடரும் சறுக்கிப் பறப்பவையே. ஆனால் அவை கொறித்துண்ணிகள் அல்ல. சுகர் கிளைடர் கங்காரு வகையறாவைப் போல வயிற்றுப் பையில் குட்டியை வளர்ப்பது. இந்தப் பக்கத்தில் அவற்றை விட்டுவிடுகிறேன்.

இரண்டுமே பறக்கின்றனவா?

ஊசித்தட்டான் பறக்கிறது. பறக்கும் அணில் சறுக்குகிறது. வித்தியாசம் ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது.

ஊசித்தட்டான் தன் தசைகளால் காற்றைத் தள்ளி, தன்னைத் தானே மேலே தூக்கிக்கொள்கிறது. நீர்மட்டத்தில் உட்கார்ந்திருக்கும் பூச்சி நேராக மேலே எழும்பும், அந்தரத்தில் நிற்கும், பின்னோக்கியும் போகும். அணிலால் இது எதுவும் முடியாது. அது முதலில் மரத்தில் ஏற வேண்டும். ஏறியபோது சேர்த்த உயரத்தைத்தான் பிறகு தூரமாக மாற்றிக்கொள்கிறது. பொதுவாக ஒவ்வொரு மீட்டர் இறக்கத்துக்கும் இரண்டு முதல் மூன்று மீட்டர் முன்னே போகும். உயரம் தீர்ந்தால் பயணமும் முடிந்தது. அடுத்த பயணத்துக்கு மறுபடியும் ஏற வேண்டும்.

பூச்சியின் இறக்கையும் அணிலின் சவ்வும் எதனால் ஆனவை?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஊசித்தட்டானின் இறக்கை கைட்டின் என்ற பொருளாலான மிக மெல்லிய இரட்டைத் தகடு. அதற்குள் ஒரு தசைகூடக் கிடையாது. இறக்கையை அசைக்கும் தசைகள் எல்லாம் மார்புப்பகுதிக்குள் இருக்கின்றன. விறைப்பைத் தருவது இலை நரம்பு போல ஓடும் குழல் நரம்புகளும் மடிப்புகளும். கண்ணாடித் தகடு மாதிரி தட்டையாகத் தெரிந்தாலும், உருப்பெருக்கியில் குறுக்குவாட்டில் பார்த்தால் காகித விசிறியின் மடிப்புகள் தெரியும். ஒரு தாளைத் தட்டையாகப் பிடித்தால் தொங்கிவிடும், விசிறியாக மடித்தால் நிமிர்ந்து நிற்கும் இல்லையா, அதே உபாயம்தான். மெதுவாகப் பறக்கும் சிறிய உடம்புக்கு இந்த மேடுபள்ளம் பாதகமாகவும் இல்லை. பள்ளங்களில் காற்று சிறு சுழல்களாகத் தங்கிவிட, அவற்றின் மேலாக மீதிக் காற்று வழுக்கிப் போகிறது. நுனிக்கு அருகே முன்விளிம்பில் ஒரு சிறு கருப்புப் புள்ளியோ நிறப் புள்ளியோ இருக்கும். அது வெறும் அலங்காரம் இல்லை. மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் கனமான அந்தப் புள்ளி, இறக்கை தேவையில்லாமல் முறுக்கி அதிராமல் பார்த்துக்கொள்கிறது.

அந்த நரம்புகளுக்குள் பூச்சியின் உடல்திரவம் ஓடிக்கொண்டிருக்கும். ஆனாலும் இறக்கை ஒருமுறை கிழிந்தால் கிழிந்ததுதான். முதிர்ந்த பூச்சிக்கு இன்னொரு தோலுரிப்பு கிடையாது என்பதால் மாற்று இறக்கைக்கும் வழியில்லை. பருவத்தின் கடைசியில் ஒரு குளத்தோரம் போனால், விளிம்பெல்லாம் பிய்ந்த இறக்கைகளோடு இன்னும் இரை பிடித்துக்கொண்டிருக்கும் கிழட்டுப் பூச்சிகளைப் பார்க்கலாம்.

அணிலின் சவ்வு முற்றிலும் வேறு. கழுத்தோரத்திலிருந்து முன்கால், முன்காலிலிருந்து பின்கால் என்று உடம்பின் இருபுறமும் நீளும் தோல் அது. மேலும் கீழும் ரோமம் உண்டு. உள்ளே ரத்தக்குழாய்கள், நரம்புகள், மெல்லிய தசை நார்கள் எல்லாம் இருக்கின்றன. அந்தத் தசைகளை இறுக்கியும் தளர்த்தியும் சவ்வின் குவிவை அணில் மாற்றிக்கொள்கிறது. கீறல் விழுந்தால் தோல் ஆறிவிடும். உட்கார்ந்திருக்கும்போது சவ்வு சுருங்கி விலாவோடு ஒட்டிக்கொள்வதால், தெரியாதவர்கள் சாதாரண அணில் என்றே நினைப்பார்கள்.

இன்னும் ஒரு நுணுக்கம். பறக்கும் அணிலின் மணிக்கட்டிலிருந்து ஒரு குருத்தெலும்புக் குச்சி வெளிப்பக்கமாக நீளும். சவ்வின் முன்மூலையை அகலமாக விரிப்பது அதுதான். அனோமலூருக்கும் இப்படி ஒரு குச்சி உண்டு, ஆனால் அது முழங்கையிலிருந்து கிளம்புகிறது. ஒரே வேலைக்கு இரண்டு வம்சங்கள் இரண்டு வெவ்வேறு மூட்டுகளைப் பயன்படுத்தியிருக்கின்றன. சறுக்கும் திறன் கொறித்துண்ணிகளில் ஒரு தடவைக்கு மேல் தனித்தனியாகத் தோன்றியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா?

நான்கு இறக்கைகளை வைத்துக்கொண்டு ஊசித்தட்டான் எப்படிச் சமாளிக்கிறது?

ஈ, தேனீ போன்ற பூச்சிகளில் பறக்கும் தசைகள் மார்புக்கூட்டை நெளிக்கின்றன. அந்த நெளிவில்தான் இறக்கைகள் மேலும் கீழும் போகும். தட்டான் வரிசையில் தசைகள் நேராக இறக்கையின் அடியிலேயே இணைந்திருக்கின்றன. ஆகவே நான்கு இறக்கைகளையும் தனித்தனியாக அசைக்க முடியும். முன்ஜோடி இறங்கும்போது பின்ஜோடி ஏறலாம், இரண்டும் சேர்ந்தே அடிக்கலாம், ஒரு பக்கம் மட்டும் வீச்சைக் குறைத்துத் திரும்பலாம். பல இனங்கள் நொடிக்கு ஏறத்தாழ 20 முதல் 40 தடவை இறக்கையடிக்கும். பூச்சி உலகில் இது மெதுவான கணக்கு. கொசு பல நூறு தடவை அடிக்கும்.

சில ஊசித்தட்டான்கள் வீச்சின் உச்சியில் இடது வலது இறக்கைகளை ஒன்றோடொன்று தட்டி, பிறகு சட்டென்று பிரிக்கும். பிரியும் இடைவெளிக்குள் காற்று பாய்வதால் கூடுதல் தூக்கு, அதாவது மேலே தூக்கும் விசை, கிடைக்கிறது. மார்புப்பகுதியே பின்பக்கமாகச் சாய்ந்திருப்பதால் இறக்கைகள் பின்னுக்கும் கால்கள் முன்னுக்கும் தள்ளப்பட்டிருக்கும். அந்த ஆறு கால்களும் நடப்பதற்கு அவ்வளவு லாயக்கில்லை. இரையை அள்ளிப் பிடிக்கவும் தண்டைப் பற்றி நிற்கவும் ஏற்றவை.

பறக்கும் அணில் தாவும்போது சரியாக என்ன நடக்கிறது?

கிளம்பும் முன் பல அணில்கள் தலையை மேலும் கீழும், இடதும் வலதுமாக ஆட்டிப் பார்க்கும். எதிர்மரம் எவ்வளவு தூரம் என்று கணிக்கும் வேலை அது. பிறகு பின்கால்களால் பலமாக உந்தித் தாவும். நான்கு கால்களும் விரிந்ததும் உடம்பு கிட்டத்தட்டச் சதுரமாகிவிடும். முதலில் கொஞ்சம் செங்குத்தாக விழுந்து வேகம் சேர்க்கிறது, அப்புறம்தான் பாதை சாய்வாகிறது. நடுவில் மரக்கிளை வந்தால் ஒரு காலைத் தாழ்த்தி, சவ்வின் ஒரு பக்கத்தைத் தளர்த்தித் திரும்பும். செங்கோணத் திருப்பம்கூட அதற்குச் சாதாரணம். சிறிய இனங்களில் வால் இறகு மாதிரி தட்டையாக இருக்கும். பெரியவற்றில் உருண்டையான அடர்ந்த வால்.

கடைசி நொடிதான் பார்க்க வேண்டியது. மரத்தை நெருங்கியதும் வாலையும் உடம்பையும் மேல்நோக்கி நிமிர்த்திவிடும். அதுவரை காற்றைக் கிழித்து வந்த சவ்வு இப்போது காற்றுக்கு நேர்எதிராக நிற்கிறது, வேகம் மளமளவென்று குறைகிறது. தலை மேலே இருக்க, நான்கு கால்களும் ஏறக்குறைய ஒன்றாகப் பட்டையைத் தொடும். இறங்கிய கையோடு தண்டைச் சுற்றி மறுபக்கம் ஓடிவிடும். பின்னால் ஆந்தை துரத்தி வந்திருந்தால் அது வந்து மோதும் இடத்தில் அணில் இருக்காது.

எது அதிக தூரம் போகும்?

ஒரே தாவலில் என்றால், வட அமெரிக்காவின் வடக்குப் பறக்கும் அணில் வழக்கமாக 5 முதல் 25 மீட்டர் வரை போகும். ஆசியாவின் ராட்சதப் பறக்கும் அணில்கள் 100 மீட்டரைத் தாண்டியதும் பதிவாகியிருக்கிறது.

ஊசித்தட்டானுக்கு "ஒரே தாவல்" என்ற அளவே பொருந்தாது. பெரும்பாலானவை பிறந்த நீர்நிலையைச் சுற்றியே வாழ்ந்து முடிக்கும், தினமும் போகும் தூரமும் சொற்பம்தான். ஆனால் எடை குறைவு என்பதால் காற்று தூக்கிக்கொண்டு போய்விடும். அமெரிக்கக் கண்டங்களுக்குரிய இஷ்னூரா ஹஸ்டாட்டா என்ற சின்னஞ்சிறு ஊசித்தட்டான் அட்லாண்டிக் நடுவிலுள்ள அசோரெஸ் தீவுகளிலும் வாழ்கிறது. அங்கே இருப்பவை அனைத்தும் பெண்கள். ஆண் இல்லாமலே முட்டையிட்டுப் பெருகுகின்றன. தட்டான் வரிசை முழுவதிலும் இயற்கையில் இப்படி வாழும் கூட்டம் வேறெதுவும் அறியப்படவில்லை. கடலின் நடுவே ஒரு பெண் பூச்சி தனியாக வந்து சேர்ந்தால்கூடப் போதும், ஒரு வம்சம் தொடங்கிவிடும். அணிலுக்கு அகலமான ஒரு ஆறே பெரிய தடை.

அளவில் எவ்வளவு வித்தியாசம்?

ஊசித்தட்டான்களில் மிகப் பெரியது மத்திய, தென் அமெரிக்கக் காடுகளின் மெகாலோப்ரெபஸ். இறக்கை விரிப்பு 19 செ.மீ. வரை போகும். சிறியவற்றுக்கு 2 செ.மீ. கூட இருக்காது. எடை என்று பார்த்தால் பல இனங்கள் 50 மில்லிகிராமையே எட்டுவதில்லை.

போர்னியோவின் குட்டைப் பறக்கும் அணில்கள் வால் நீங்கலாகச் சுமார் 8 செ.மீ. நீளம்தான். மறுகோடியில், இமயத்தை ஒட்டிய உயர்மலைகளில் வாழும் கம்பளிப் பறக்கும் அணில் இரண்டு கிலோவைத் தாண்டக்கூடியது. இந்த விலங்கு பல பத்தாண்டுகள் யார் கண்ணிலும் படாமல் போய், அழிந்துவிட்டதோ என்று நினைத்திருந்த நேரத்தில், 1994-இல் வடக்குப் பாகிஸ்தானில் மறுபடி கண்டுபிடிக்கப்பட்டது. 2021-இல் அதன் உறவினங்கள் இரண்டு புதிதாக விவரிக்கப்பட்டன. இரண்டு கிலோ எடையுள்ள ஒரு பாலூட்டி இவ்வளவு காலம் மறைந்திருக்க முடிந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

அளவு மாறினால் பறக்கும் முறையும் மாறுமா?

நிச்சயமாக. உடம்பின் நீளம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும், எடையோ எட்டு மடங்காகும். ஆகவே பெரிய உடம்பைத் தாங்கும் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் சவ்வும் அதிகப் பாரத்தைச் சுமக்கிறது. பெரிய அணில்கள் சிறியவற்றைவிட வேகமாகச் சறுக்குவது இதனால்தான். வேகம் இருந்தால்தான் அந்த எடைக்குத் தேவையான தூக்கு கிடைக்கும்.

ஊசித்தட்டானுக்கு அந்தக் கவலை இல்லை. அதன் அளவில் காற்றின் பிசுபிசுப்பு நமக்குத் தெரிவதைவிட மிக அதிகமாகவே உறைக்கும். இறக்கையடிப்பதை நிறுத்தினால் அணில் அளவுக்கு வேகமெடுத்துச் சறுக்க அதனால் முடியாது, சீக்கிரம் வேகம் தணிந்துவிடும்.

இறக்கையின் வடிவமும் இதோடு சேர்ந்தது. பூச்சிக்கு நீண்டு ஒடுங்கிய நான்கு இறக்கைகள். அணிலுக்கு நீளமும் அகலமும் ஏறக்குறைய சமமான ஒரே விரிப்பு. இப்படிப்பட்ட சதுர விரிப்பு வெகுதூரம் மிதக்க உதவாது. ஆனால் நன்றாக நிமிர்ந்த கோணத்திலும் சட்டென்று தூக்கை இழந்துவிடாது. மரங்களுக்கு நடுவே வளைந்து, கடைசியில் செங்குத்தாக நிமிர்ந்து இறங்குகிறவனுக்கு வேண்டியது அதுதானே.

அப்படியானால் சறுக்குவது பாதியில் நின்றுபோன பறத்தலா?

இந்த எண்ணம்தான் மிகப் பரவலான தவறு. இன்னும் சில லட்சம் வருடங்கள் கொடுத்தால் அணிலுக்கு இறக்கை முளைக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். பரிணாமத்துக்கு அப்படி ஒரு போகுமிடம் கிடையாது.

ஸ்பெயினில் பார்சிலோனாவுக்கு அருகே குப்பைக் கிடங்கு விரிவாக்கத்தின்போது கிடைத்த ஒரு புதைபடிவ எலும்புக்கூடு 2018-இல் விவரிக்கப்பட்டது. வயது சுமார் 1.16 கோடி ஆண்டுகள். இன்றைய பறக்கும் அணிலின் மணிக்கட்டில் காணும் அதே தனித்தன்மை அதிலும் இருந்தது. அதாவது ஒரு கோடி வருடத்துக்கும் மேலாக இந்த விலங்குகள் இதே முறையில் சறுக்கிக்கொண்டிருக்கின்றன, வெற்றிகரமாகவும் பரவியிருக்கின்றன. வௌவாலின் முன்னோர்கள் சறுக்கியவையாக இருந்திருக்கலாம் என்ற கருத்து உண்டு. அதனால் சறுக்கும் எல்லாமும் வௌவாலாக வேண்டும் என்று ஆகாது.

இறக்கையடிக்கப் பெரிய மார்புத் தசைகள் வேண்டும். அவற்றுக்குத் தீனி போடச் சத்தான உணவு வேண்டும். பல ராட்சதப் பறக்கும் அணில்கள் முக்கியமாக இலை தின்று வாழ்பவை. கம்பளிப் பறக்கும் அணில் ஊசியிலைகளையே தின்னும். அந்த வரும்படியில் அவ்வளவு செலவு கட்டாது. இன்னொன்றும் உண்டு. வௌவாலின் கை முழுக்க இறக்கையாகிவிட்டது, அணிலின் கை இன்னும் கையாகவே இருக்கிறது. மரமேறலாம், கொட்டையைப் பிடித்து உருட்டலாம், குட்டியின் ரோமத்தைக் கோதிவிடலாம். சறுக்குவதைக் குறைபாடாகப் பார்க்கிறவர்கள் இந்தக் கையை மறந்துவிடுகிறார்கள்.

பூச்சிகளின் இறக்கையும் இப்படிக் காலிலிருந்து வந்ததுதானா?

அணிலின் சவ்வு கால்களுக்கு இடையே விரிந்த விலாத்தோல். பூச்சியின் இறக்கையோ கால்களுக்கு மேலதிகமாக முளைத்த உறுப்பு. அது எந்தப் பாகத்திலிருந்து கிளம்பியது என்பதில் ஆய்வாளர்களிடையே நீண்ட விவாதம் நடக்கிறது. காலம் மட்டும் மிகப் பழையது. 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பே, தட்டான்களின் தூரத்து உறவான மெகானியூரா ஏறத்தாழ 65 செ.மீ. இறக்கை விரிப்போடு பறந்திருக்கிறது. அப்போது பறவையும் இல்லை, வௌவாலும் இல்லை, அணிலும் இல்லை.

இரண்டின் குழந்தைப் பருவமும் எப்படி?

எதிரெதிர் துருவங்கள்.

பறக்கும் அணிலின் குட்டி மரப்பொந்தில் ரோமமில்லாமல், கண் திறக்காமல் பிறக்கும். ஆனால் விலாவில் சவ்வு அப்போதே தெரியும். அமெரிக்காவின் தெற்குப் பறக்கும் அணிலுக்கு ஏறத்தாழ 40 நாள் கர்ப்பம். பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு குட்டிகள். கண் திறக்கவே நான்கு வாரம் ஆகும். பொந்துக்கு ஆபத்து வந்தால் தாய் ஒவ்வொன்றாக வாயில் கவ்வி வேறிடம் கொண்டுபோகும். ராட்சத இனங்கள் பெரும்பாலும் ஒரே ஒரு குட்டிதான் போடும்.

ஊசித்தட்டானின் வாழ்வில் பெரும்பகுதி தண்ணீருக்கு அடியில் கழிகிறது. இளம்பூச்சியின் வால்நுனியில் இலை வடிவில் மூன்று செவுள்கள் இருக்கும். மூச்சுக்கும் அவைதான், நீந்தும்போது துடுப்பும் அவைதான். எதிரி ஒரு செவுளைப் பிடித்துக்கொண்டால் அதைக் கழற்றிவிட்டுத் தப்பிக்கும், பிறகு மறுபடி வளர்த்துக்கொள்ளும். தலைக்குக் கீழே மடித்து வைத்திருக்கும் கீழுதட்டைக் கண் இமைக்கும் நேரத்துக்குள் முன்னே வீசி, நுனியிலுள்ள கொக்கிகளால் கொசுப்புழுவை இழுத்து வரும். இந்தப் பருவம் சில இனங்களில் சில வாரங்களிலேயே முடிந்துவிடும், சிலவற்றில் ஓரிரண்டு வருடங்கள் நீளும்.

அப்புறம் ஒரு நாள், பெரும்பாலும் காலையில், தண்டைப் பிடித்து மேலே ஏறும். தண்ணீருக்கு மேலே வந்து நின்றதும் முதுகுத்தோல் வெடிக்கும். முதலில் மார்பும் தலையும், பிறகு கால்களும் வெளியே வரும். இங்கே ஒரு நிறுத்தம். கால்கள் கொஞ்சம் உறுதியானால்தான் பழைய தோலைப் பிடித்துக்கொண்டு மிச்ச உடம்பை உருவ முடியும். இறக்கைகள் அப்போது கசங்கிய சிறு முடிச்சுகளாக இருக்கும். உடல்திரவம் நரம்புகளுக்குள் ஏற ஏற அவை நீண்டு விரியும். முதலில் பால்நிறம், பிறகு பளபளப்பு, கடைசியில்தான் தெளிவு. உடம்பின் நிறமும் அன்றைக்கு வெளிறியே இருக்கும். இந்த நேரத்தில் எறும்போ பறவையோ வந்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. நீர்ப்பூச்சியாக மாதக்கணக்கில் வளர்ந்த வாழ்க்கை இந்த ஓரிரு மணி நேரத்தை நம்பியிருக்கிறது.

கவனியுங்கள், ஊசித்தட்டானுக்குப் பறக்கக் கற்றுக்கொடுக்க யாரும் இல்லை, பழகும் காலமும் இல்லை. அணில் குட்டியோ வாரக்கணக்கில் தாயுடன் இருந்து, சிறு தாவல்களில் தொடங்கிப் பழகுகிறது.

எவ்வளவு காலம் வாழும்?

இறக்கை முளைத்தபின் ஊசித்தட்டான் பெரும்பாலும் சில வாரங்கள்தான். பறக்கும் அணில் வருடக்கணக்கில் வாழும். மனிதப் பராமரிப்பில் பத்து வருடம் தாண்டியவையும் உண்டு.

இரண்டும் என்ன சாப்பிடும்?

ஊசித்தட்டான் முழு வேட்டைக்காரன். கொசு, சிறு ஈ, அசுவினி எல்லாம் இரை. பல இனங்கள் பறக்கும் இரையைத் துரத்துவதைவிட இலையில் உட்கார்ந்திருப்பதைக் கவ்வி எடுக்கவே விரும்பும். மேலே சொன்ன மெகாலோப்ரெபஸுக்குச் சிலந்திதான் விருந்து. வலைக்கு முன்னால் அந்தரத்தில் நின்று, முன்கால்களால் சிலந்தியைப் பிடுங்கிக்கொண்டு பின்னோக்கிப் பறந்து விலகிவிடும்.

அணில்களில் ரசனை பலவிதம். கொட்டை, விதை, இலை, மொட்டு, பட்டை என்று நீளும். தெற்குப் பறக்கும் அணில் பூச்சிகளையும் பறவை முட்டையையும்கூட விடாது. வடக்குப் பறக்கும் அணில் மண்ணுக்கடியில் விளையும் பூஞ்சைகளைத் தோண்டித் தின்னும். அதன் எச்சத்தில் வெளியேறும் வித்துகள் காடெங்கும் பரவும். அந்தப் பூஞ்சைகள் மரவேர்களோடு கூட்டு வைத்து மரத்துக்கு நீரும் சத்தும் எடுத்துக்கொடுப்பவை. ஆகவே அணில் சறுக்கித் திரிவதால் காட்டுக்கே லாபம்.

இருட்டில் அணிலும் வெயிலில் பூச்சியும்: கண்கள் எப்படி மாறுகின்றன?

ஊசித்தட்டான் தன் உடம்புச் சூட்டுக்கு வெயிலை நம்பியிருக்கிறது, குளிர்ந்தால் மந்தமாகிவிடும். ஆகவே பகல் வேலை. ஆயிரக்கணக்கான சிறு கண்கள் சேர்ந்த கூட்டுக்கண் அதற்கு நிறங்களைக் காட்டுகிறது, நமக்குத் தெரியாத புற ஊதா ஒளியையும் காட்டுகிறது. அசைவைக் கண்டுபிடிப்பதில் அதை மிஞ்சுவது கடினம். பறக்கும் அணில்கள் இரவில் நடமாடுபவை. முகத்துக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிய கண்கள், குறைந்த வெளிச்சத்தைத் திரட்டுவதற்காகவே அமைந்தவை.

பறக்கும் அணில் இளஞ்சிவப்பாக ஒளிரும் என்பது உண்மையா?

உண்மைதான். வட அமெரிக்கப் பறக்கும் அணில்கள்மீது இரவில் புற ஊதா விளக்கை அடித்தால் ரோமம், முக்கியமாக அடிவயிற்றுப் பக்கம், பளிச்சென்ற இளஞ்சிவப்பில் ஒளிர்கிறது. 2019-இல் இது ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. விஸ்கான்சினில் ஒரு பேராசிரியர் இரவில் விளக்குடன் காட்டை ஆராய்ந்தபோது தற்செயலாகக் கண்ணில் பட்ட விஷயம் அது. சாதாரண வெளிச்சத்தில் பழுப்பாகவோ சாம்பலாகவோதான் தெரியும்.

ஊசித்தட்டானின் நிறம் நமக்கு நேரடியாகவே தெரியும். அந்த நீலத்தில் பெரும்பங்கு சாயத்தால் வருவதில்லை, தோலுக்கடியிலுள்ள நுண்துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் வருகிறது. சில இனங்கள் குளிரில் மங்கி, வெயில் ஏறியதும் மறுபடி நீலமாகும்.

இனப்பெருக்கத்தில் ஏதாவது ஒற்றுமை?

இல்லை என்றே சொல்லிவிடலாம். ஊசித்தட்டான் ஜோடி சேரும்போது இரு உடல்களும் வளைந்து இதய வடிவம் பெறும். அழகாக இருந்தாலும் அதற்குள் கடும் போட்டி நடக்கிறது. பெண்ணின் உடலில் முந்தைய ஆண் விட்டுப்போன விந்தை, இப்போது சேரும் ஆண் முதலில் சுரண்டி வெளியேற்றுகிறது. இதை 1979-இல் உயிரியலாளர் ஜொனாதன் வாகே நிரூபித்துக் காட்டினார், விலங்கு நடத்தை ஆய்வையே திருப்பிப்போட்ட கண்டுபிடிப்பு அது. அதனால்தான் பல இனங்களில் பெண் முட்டையிட்டு முடிக்கும்வரை ஆண் அதன் கழுத்தோரத்தைப் பிடித்தபடியே காவல் நிற்கிறது. பெண் செடியின் தண்டைக் கீறி முட்டையைச் செருகும். சில இனங்களில் அதற்காகத் தண்ணீருக்குள்ளேயே இறங்கிப் பல நிமிடங்கள் இருக்கும். உடம்பைச் சுற்றிப் படிந்த காற்றுப் படலம் மூச்சுக்குக் கைகொடுக்கும்.

இரண்டுக்கும் இன்று என்ன ஆபத்து?

ஊசித்தட்டானுக்கு நீர்நிலை கெட்டால் எல்லாம் கெட்டது. பூச்சிக்கொல்லி, கழிவுநீர், கரையோரச் செடிகளை வழித்தெடுப்பது எல்லாமே இளம்பூச்சியைத்தான் முதலில் அடிக்கும். மரப்பொந்தில் தேங்கும் நீரில் முட்டையிடும் இனங்களுக்குப் பழைய பெருமரங்கள் வேண்டும்.

பறக்கும் அணிலுக்கும் அதே பழைய மரங்கள் வேண்டும், கூடு வைக்கப் பொந்துகள் அவற்றில்தான் உண்டு. அதோடு மரங்களுக்கு இடையிலான தூரம் அதற்கு உயிர்ப் பிரச்சினை. சாலை ஒன்று அகலமானால், சறுக்கும் தூரத்தைவிட இடைவெளி அதிகமாகி, காடு அதற்கு இரண்டு துண்டாகிவிடும். அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு மலைச்சாலையின் இருபுறமும் உயரமான கம்பங்களை நட்டார்கள். அணில்கள் அவற்றில் ஏறிச் சாலையைத் தாண்டுவது பதிவாகியிருக்கிறது. மிக எளிய தீர்வு, செலவும் பெரிதில்லை. சறுக்கும் விலங்குகள் உள்ள எல்லாக் காட்டுச் சாலைகளிலும் இதை யோசிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அருணாசலப் பிரதேசத்தின் நம்தாபாவில் 1981-இல் கிடைத்த ஒரே ஒரு மாதிரியை வைத்து மட்டும் அறிவியல் அறிந்த ஒரு பறக்கும் அணில் இனம் இருக்கிறது. அப்படிப்பட்டவை எங்கே எவ்வளவு மிச்சம் என்று தெரிவதற்குள் காடு துண்டாகிவிடக் கூடாது.

நேரில் பார்க்க என்ன செய்யலாம்?

ஊசித்தட்டானுக்குச் செடிகள் அடர்ந்த, மெதுவாக ஓடும் நீரோடையோ தேங்கிய குளமோ போதும். காலை வெயில் ஏறும் நேரத்தில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உள்ள தண்டுகளைப் பாருங்கள். உங்கள் நிழல் அதன்மேல் விழாமல் மெதுவாக நெருங்குங்கள். கிட்டத்தில் குவியும் இருகண்ணோக்கி இருந்தால் கண்களையும் இறக்கைப் புள்ளியையும் தெளிவாகப் பார்க்கலாம். தண்டில் ஒட்டிய காலித்தோல் கிடைத்தால் உருப்பெருக்கியில் அந்த மடக்கும் உதட்டைத் தேடுங்கள்.

அணிலுக்குப் பொழுது சாய்ந்ததும் பெரிய மரங்கள் உள்ள காட்டோரத்தில் அனுமதி பெற்று நிற்க வேண்டும். காதைத் தீட்டிக்கொள்ளுங்கள், பட்டையில் நகம் உரசும் சத்தமும் மேலிருந்து விழும் தின்ற மிச்சமும்தான் முதல் துப்பு. வெள்ளை டார்ச்சை நேராகக் கண்ணில் அடிக்காதீர்கள், சறுக்கும் நேரத்தில் கண் கூசினால் அது தவறி விழலாம். மங்கலான சிவப்பு விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் போதும்.